மொட்டை போட்டால் பையனா? நான்கு வயதுக் குழந்தையின் ஆண்–பெண் புரிதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தையும் புகாரும்

நான்கு வயது இரண்டு மாதம் ஆன பெண் குழந்தை. மயிலாடுதுறை மாவட்டத்தில் வாய்க்கால் ஓரத்து ஊர். அம்மா நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிறவர். அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். வீட்டில் பாட்டியும் ஆறு வயது அண்ணனும் இருக்கிறார்கள். தள்ளிக்கொண்டே போன வேண்டுதலை ஆனி மாதத் தொடக்கத்தில் முடித்தார்கள்: வைத்தீஸ்வரன்கோயிலில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் மொட்டை, காது குத்து. இருவர் காதிலும் ஒரே மாதிரி தோடு, இருவர் தலையிலும் சந்தனம்.

அடுத்த வாரம் பால்வாடிக்கு வந்த குழந்தையைப் பார்த்து மற்ற பிள்ளைகள் "பையன், பையன்" என்றார்கள். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாளிலிருந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள், எடுக்க விடவில்லை. கை கழுவும் வரிசையில் "பசங்க இந்தப் பக்கம், பொண்ணுங்க அந்தப் பக்கம்" என்று ஆயா பிரித்தபோது, யாரும் சொல்லாமலே பையன்கள் பக்கம் போய் நின்றாள். வீட்டில் "முடி வந்ததும் நான் பொண்ணாயிடுவேனா?" என்று கேட்டாள். பாட்டி விளையாட்டாக "எனக்கு இப்ப ரெண்டு பேரன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் ஒருவர் "இப்பவே இப்படிப் பேசுதே, பின்னாடி என்ன ஆகுமோ" என்றதும் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

இது ஒரு தனிக் குழந்தையின் வரலாறு இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பகுதிகளில் இந்த வயதுப் பிள்ளைகளிடம் வழக்கமாகக் காணக்கூடிய நடத்தைகளையும் பதில்களையும் ஒரே குழந்தையிடம் சேர்த்து, யாருடைய அடையாளமும் வராதபடி அமைத்த நிகழ்வு. ஆய்வு முடிவுகளாகக் குறிப்பிடுபவை வெளியான ஆய்வுகளைச் சேர்ந்தவை.

கேட்ட விதம்

பிள்ளைகள் ஆண், பெண் என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற ஆய்வுக்கு, 1966இல் உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் சொன்ன மூன்று படிகள்தான் இன்றும் அடிப்படை. முதலில் தன்னையும் பிறரையும் ஆண், பெண் என்று சரியாகப் பெயரிடுவது; இது ஏறத்தாழ இரண்டரை, மூன்று வயதுக்குள் வந்துவிடும். அடுத்து, பெண் குழந்தை வளர்ந்தால் பெண்ணாகவே இருப்பாள் என்று காலத்தோடு பொருத்திப் பார்ப்பது. கடைசியில், உடையும் முடியும் வேலையும் மாறினாலும் ஆள் மாறுவதில்லை என்ற நிலைபேறு. இந்த மூன்றாவது பொதுவாக ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் உறுதியாகிறது. 1975இல் ரொனால்ட் ஸ்லேபியும் கரின் ஃப்ரேயும் இந்தப் படிகளைச் சோதிக்க 14 கேள்விகள் கொண்ட நேர்காணலை உருவாக்கினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு மறுகேள்வி உண்டு. பெலிஸ், கென்யா, நேபாளம், அமெரிக்க சமோவா ஆகிய நான்கு இடங்களில் பார்த்த 1984ஆம் ஆண்டு ஆய்விலும் இதே வரிசைதான் தெரிந்தது.

அந்தக் கேள்விகளை அப்படியே தமிழில் போட்டால் சோதனை கெட்டுவிடும். காரணம் நம் வினைமுற்று. "இவன் பெரியவனானா என்னவா ஆவான்?" என்று கேட்டால் விடையைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. நல்லவேளையாக டெல்டாப் பேச்சில் சின்னப் பிள்ளைகளை "அது" என்று சொல்வது இயல்பு. "பாப்பா தூங்குது", "தம்பி அழுவுது" என்றுதான் வீடுகளில் பேசுகிறார்கள். ஆகவே எல்லாக் கேள்வியும் அஃறிணை முடிவில்: "இது பெரிசானா அம்மாவா ஆகுமா, அப்பாவா ஆகுமா?" குழந்தை பதில் சொல்லும்போது தானாக எந்த விகுதியைப் போடுகிறது என்பதை எழுத்து மாறாமல் குறிக்க வேண்டும். "பையன்" என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த வரியில் "அவ தூங்குறா" என்று சொல்லும் குழந்தை, உள்ளே வேறொன்றை நினைக்கிறது. கேள்வித்தாளில் கிடைக்காத தகவல் அந்த "றா"வில் கிடைக்கும்.

தேவையான பொருட்கள் சிறியவை. கெட்டி அட்டையில் வெட்டிய ஒரு சாண் உயரப் பொம்மை ஒன்று. முகம் பொதுவானதாக இருக்க வேண்டும், கண் மை, மீசை எதுவும் கூடாது. கறுப்புத் தாளில் இரட்டைச் சடை ஒன்று, கிராப்பு ஒன்று. கவுன் ஒன்று, சட்டை–நிக்கர் ஒன்று. இவை ஒட்டி எடுக்கும்படி வெல்க்ரோத் துண்டில் இருக்கட்டும். இவற்றோடு அம்மாவின் செல்பேசியிலிருந்து குழந்தையின் பழைய படம், மொட்டை அன்று எடுத்த படம், அண்ணன் படம். காலைச் சத்துமாவு சாப்பிட்ட பிறகு, தூக்கம் வருவதற்கு முன்னால் பத்து நிமிடம். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார், இன்னொருவர் சற்றுத் தள்ளி எழுதுகிறார். மொத்தம் இரண்டு அமர்வு, வெவ்வேறு நாளில்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. சின்னப் பிள்ளைகள் கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைத் திருப்பிச் சொல்வார்கள். அதனால் "பொண்ணா பையனா" என்பதை ஒவ்வொரு கேள்விக்கும் முன்பின் மாற்ற வேண்டும். ஒரே கேள்வியை இரண்டு முறை அதே சொற்களில் கேட்டால், முதல் பதில் தப்புப் போலிருக்கிறது என்று நினைத்து மாற்றிச் சொல்வார்கள். மறுகேள்வி வேறு வடிவில் இருக்க வேண்டும். மூன்றாவது, விளையாட்டு மனநிலை. கரோல் மார்ட்டினும் சார்ல்ஸ் ஹால்வர்சனும் 1983இல் காட்டியது இது: "இப்படி உடுத்தினால் என்ன ஆகும்" என்ற கேள்வியைப் பல பிள்ளைகள் வேசம் கட்டும் விளையாட்டாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு நிலைபேற்றுக் கேள்விக்கும் பின்னால் "நெசமாவா, விளையாட்டுக்கா?" என்று கேட்டே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டால் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையாகப் பதிவாகும்.

குழந்தை சொன்ன பதில்கள்

பெயரிடுவதில் குறையே இல்லை. பால்வாடிப் பிள்ளைகளின் படங்களை ஒன்று விடாமல் சரியாகப் பிரித்தாள். "நீ பொண்ணா பையனா?" என்றதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, "பொண்ணு. ஆனா இப்ப மொட்டை" என்றாள்.

பொம்மைக்குக் கவுனை எடுத்துவிட்டு நிக்கர் மாட்டியபோது, சடை இருந்தவரை "பொண்ணுதான்" என்றாள். சடையை எடுத்ததும் "பையன்." நெசமாவா என்றதற்கு "நெசமா." சடையைத் திரும்ப ஒட்டியதும் "பொண்ணாயிட்டா." உடையை விட முடிக்குத்தான் அவளிடம் எடை அதிகம். தன்னைப் பற்றிய கேள்விகளில், நிக்கர் போட்டாலும் பொண்ணுதான், அண்ணன் சட்டை போட்டாலும் பொண்ணுதான். பிறரைவிடத் தன்னைப் பற்றி முதலில் தெளிவு வருவது வழக்கமான வரிசையே. ஆனால் மொட்டை என்று வந்தால் தன்னைப் பற்றியும் தடுமாற்றம்.

எல்லாவற்றுக்கும் சாவி காலம் பற்றிய கேள்வியில் கிடைத்தது. "நீ தொட்டில்ல கிடந்தப்ப?" "பொண்ணு." "பெரிசானா?" "அம்மா." "அண்ணன் தொட்டில்ல கிடந்தப்ப?" உடனே பதில் வந்தது: "பொண்ணு." மறுகேள்வி: "அண்ணன் எப்பவாச்சும் பொண்ணா இருந்திருக்கா?" "ம். சடை போட்டு, பூ வெச்சிருந்துச்சு. அப்புறம் மொட்டை போட்டு பையனாயிடுச்சு."

அவள் கற்பனையாகச் சொல்லவில்லை. முதல் மொட்டைக்கு முன் ஆண் குழந்தைக்குச் சடை பின்னிப் பூ வைத்து, கவுன் போட்டு, பொட்டு இட்டுப் படம் எடுத்து மாட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அண்ணனின் அந்தப் படம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவள் தினமும் பார்ப்பது: சடையோடு ஒரு குழந்தை, அது அண்ணன் என்கிறார்கள், பிறகு மொட்டை, இப்போது பையன். இதே வரிசை தனக்கும் நடந்திருக்கிறது. கையில் உள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால் அவள் முடிவு நியாயமானது. பெரியவர்கள் இதைக் குழப்பம் என்கிறார்கள். எங்கள் மதிப்பீட்டில் இது கவனமான அனுமானம். ஒரே ஒரு தகவல் மட்டும் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை.

கொடுக்கப்படாத அந்தத் தகவல்

1989இல் உளவியலாளர் சாண்ட்ரா பெம் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இந்த இடத்தில் முக்கியம். ஒரு சிறு பையன், ஒரு சிறு பெண் ஆகியோரின் படங்களைக் காட்டினார். முதலில் உடல் தெரியும்படி, பிறகு உடையோடு: அவரவர் உடையில் ஒன்று, எதிர்ப்பாலின் உடையிலும் முடியிலும் ஒன்று. ஏறத்தாழ 40 சதவீதப் பிள்ளைகள் உடை மாறியும் ஏமாறவில்லை. யார் ஏமாறவில்லை என்று பார்த்தபோது, உடலுறுப்பு வேறுபாடு தெரிந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேர் அளவுக்குத் தேறினார்கள். தெரியாதவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே. அதாவது வயது மட்டும் காரணமில்லை. எதை வைத்து ஆண், பெண் என்று சொல்கிறோம் என்பதை யாராவது சொல்லியிருக்கிறார்களா என்பதும் காரணம்.

பெம் தன் மகனைப் பற்றிச் சொன்ன சம்பவமும் இந்த மொட்டைக்கு மிக அருகில் வருகிறது. அவன் தலையில் கிளிப் மாட்டிக்கொண்டு பாலர் பள்ளிக்குப் போனான். இன்னொரு பையன் "நீ பொண்ணு, பொண்ணுங்கதான் கிளிப் போடுவாங்க" என்றான். இவன் இல்லை என்று வாதாடி, கடைசியில் நிக்கரை இறக்கியே காட்டினான். அந்தப் பையன் அசரவில்லை: அது எல்லாருக்கும் இருக்கும், கிளிப் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் என்றான். அந்த வயதுப் பிள்ளைக்குக் கண்ணில் படும் அடையாளமே இலக்கணம்.

நம் வீடுகளில் இந்தத் தகவல் ஏன் போய்ச் சேர்வதில்லை? துணியில்லாமல் ஓடிவரும் குழந்தையிடம் "ஷேம் ஷேம்" என்கிறோம். பையனின் உறுப்புக்காவது செல்லப் பெயர் வைத்துக் கொஞ்சுகிறார்கள். பெண் குழந்தையின் உறுப்புக்கு வீட்டில் பெயரே இருப்பதில்லை. பெயர் இல்லாத ஒன்றை வைத்துக் குழந்தை எப்படி யோசிக்கும்? அதே நேரம் முடி, பூ, பொட்டு, கொலுசு, கவுன் பற்றி நாள் முழுதும் பேசுகிறோம். கொடுத்த சரக்கை வைத்துத்தான் அவள் கணக்குப் போட்டாள்.

டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. காது குத்து இரு பாலருக்கும். கைக்குழந்தையில் அரைஞாணும் திருஷ்டிப் பொட்டும் இரு பாலருக்கும். செல்லம் கொஞ்சும்போது பெண் குழந்தையையும் "வாடா ராசா", "என் தம்பி" என்று கூப்பிடுகிறோம். ஆகவே மற்ற அடையாளங்களெல்லாம் கலந்து கிடக்க, முடி ஒன்றே தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. அதுவும் மொட்டையில் போய்விட்டால் பிடிக்க எதுவும் இல்லை. மொழியே ஆண்பால், பெண்பாலை அடிக்கடி குறித்துக் காட்டினால் இந்தப் புரிதல் சீக்கிரம் வரும் என்பதற்கு 1982இல் வந்த ஆய்வு ஒன்று சான்று: ஹீப்ரு பேசும் பிள்ளைகள் முந்தினார்கள், பால் வேறுபாடு காட்டாத ஃபின்னிஷ் பேசும் பிள்ளைகள் பிந்தினார்கள், ஆங்கிலம் இடையில். தமிழில் படர்க்கை வினை பால் காட்டும். ஆனால் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது "அது" என்றும், பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது "வந்தாங்க" என்றும் சொல்லி அந்த வாய்ப்பை நாமே குறைத்துக்கொள்கிறோம். இதில் மாற்ற வேண்டியது எதுவுமில்லை. அப்படி ஒரு நிலை இருக்கிறது என்று சோதிப்பவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

செய்தவை

முதல் நாளே மூன்று பெரியவர்களிடம் பேசப்பட்டது. பாட்டியிடம் "ரெண்டு பேரன்" விளையாட்டை நிறுத்தச் சொன்னோம். அவர் அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் குழந்தைக்கு அது ஊர்ஜிதமாகக் கேட்கிறது. டீச்சரும் ஆயாவும் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே: "மொட்டை போட்டா முடிதான் போகும். பொண்ணு பொண்ணாவேதான் இருக்கும்." குரலில் சிரிப்போ அதட்டலோ கூடாது. துண்டைப் பிடுங்கக் கூடாது; வெயில் தொப்பி மாதிரி அது பாட்டுக்கு இருக்கட்டும். "இல்லடி, நீ அழகான பொண்ணு" என்ற சமாதானம் உதவாது. அழகைப் பற்றி அவள் கேட்கவில்லை.

உடல் பற்றிய தகவலை அம்மா குளிப்பாட்டும்போது சொல்வதென்று முடிவானது. குறுவை நடவு என்பதால் அம்மா விடியற்காலையில் போய்விடுகிறார். மாலைக் குளியல்தான் கிடைத்தது. சொல்ல வேண்டிய அளவு இரண்டு வரி: "ஒண்ணுக்குப் போற இடம் உனக்கு ஒரு மாதிரி, அண்ணனுக்கு வேற மாதிரி. பொறக்கும்போதே அதப் பாத்துதான் நர்சு பொண்ணு பொறந்திருக்குன்னு சொன்னாங்க. முடியப் பாத்துச் சொல்லல." பெண்குறி, ஆண்குறி என்ற சொற்களையும் ஒருமுறை சொல்லி வைக்கலாம், குழந்தைக்கு அவை வெறும் பெயர்கள்தான், கூச்சம் நமக்குத்தான். இதோடு சேர்த்தே "அம்மா, டாக்டர் தவிர யாரும் அங்க தொடக்கூடாது" என்பதையும் சொல்லிவிடலாம். உறுப்புக்குப் பெயர் தெரிந்த குழந்தையால்தான் யாராவது தொட்டால் வந்து சொல்ல முடியும். பெம் பயன்படுத்தியது போன்ற படங்களைப் பால்வாடியில் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. அது வீட்டில், அம்மா வாயால் வர வேண்டிய தகவல்.

இந்த இரண்டு வரியில் ஓர் எச்சரிக்கை. பிறக்கும்போது உடலமைப்பு ஆண், பெண் என்று தெளிவாகப் பிரியாத குழந்தைகளும் உண்டு. ஊரில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், "எல்லாருக்கும் இப்படித்தான்" என்ற அழுத்தம் அதைக் காயப்படுத்தும். "பெரும்பாலும்" என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்வது நல்லது. இத்தகைய சிசுக்களுக்கு அவசியமின்றிப் பாலினத் திருத்த அறுவை செய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது என்பதைக் களப்பணியாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது படவரிசை. சுவரில் மாட்டிய அண்ணன் படத்தை ஒளித்து வைக்கலாம் என்றார் அப்பா. அது தவறு, அந்தப் படம்தான் பாடப் பொருள். அண்ணனுடைய ஐந்து படங்கள்: பிறந்த உடனே, சடையோடு, மொட்டையோடு, போன தீபாவளி, இப்போது. தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் "இது யாரு? அப்ப பையனா பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டே போவது. சடைப் படத்தில் "பொண்ணு" என்றதும் திருத்தாமல், "சடை யாரு போட்டுவிட்டா? போட்டுவிட்டப்ப உள்ள இருந்தது யாரு?" என்று நிறுத்துவது. அண்ணனே வந்து "நான்தான்டி, எனக்கு அம்மா சும்மா போட்டுவிட்டுச்சு" என்று சொன்னது எந்தப் பெரியவர் சொன்னதையும் விட வேலை செய்தது. பிறகு அவளுடைய படங்கள், பிறகு அம்மாவின் சிறு வயது மொட்டைப் படம். அம்மாவுக்கும் ஒருநாள் மொட்டை இருந்தது என்பது அவளுக்குப் பெரிய செய்தி.

வேசம் பற்றிய கதையும் ஒன்று சேர்க்கப்பட்டது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேட்ட கதை: காவிரியில் வெள்ளம், பிரசவத்துக்கு அம்மா வந்து சேர முடியவில்லை, சாமியே அம்மா உருவில் வந்து பார்த்துக்கொள்கிறது. கதை முடிந்ததும், "வெள்ளம் வடிஞ்சு நெச அம்மா வந்ததும், முதல்ல இருந்தது யாரு?" என்ற கேள்வி. தோற்றத்தையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பது ஆண்–பெண் விஷயத்தில் மட்டும் வரும் சிக்கல் இல்லை. 1969இல் ரீட்டா டிவ்ரீஸ் ஒரு பூனைக்கு நாய் முகமூடி மாட்டிக் காட்டியபோது, மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அது நாயாகவே மாறிவிட்டதாக நினைத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் ஏமாறவில்லை. கதை என்பதால் இங்கே பிள்ளைகள் பயமின்றி யோசிக்கிறார்கள்.

பால்வாடியில் செய்த மாற்றம் வரிசையைப் பற்றியது, எங்கள் கருத்தில் இதுதான் மிக முக்கியமானது. 2010இல் லேசி ஹில்லியர்டும் லின் லிபனும் வெளியிட்ட ஆய்வில், சில பாலர் வகுப்புகளில் ஆசிரியர்கள் இரண்டு வாரம் மட்டும் வரிசை, வாழ்த்து, பலகை எல்லாவற்றையும் ஆண், பெண் என்று பிரித்து நடத்தினார்கள். யாரையும் உயர்த்தியோ தாழ்த்தியோ பேசவில்லை, பிரித்தது மட்டுமே. அதற்கே பிள்ளைகளின் ஆண்–பெண் முன்முடிவுகள் கூடின, எதிர்ப்பாலரோடு விளையாடுவது குறைந்தது. நம் பால்வாடிகளில் இது ஆண்டு முழுவதும் நடக்கிறது. மொட்டை போட்ட குழந்தையை எந்த வரிசை என்று தேட வைத்ததும் அதே பழக்கம்தான். மாற்றாகச் சட்டை நிறம், பெயரின் முதலெழுத்து, உட்கார்ந்திருக்கும் பாய் ஆகியவற்றை வைத்து வரிசை. ஆயாவுக்கு முதல் வாரம் வாய் தவறிப் பழைய வரியே வந்தது. கை கழுவும் இடத்தில் நான்கு நிறக் கோடு போட்டதும் பழகிவிட்டது. சொல்லி மாற்றுவதை விடத் தரையில் கோடு போட்டு மாற்றுவது எளிது.

கேலி செய்த பிள்ளைகளை யாரும் திட்டவில்லை. அவர்களும் அதே வயது, அதே விதி. அவர்களுக்கும் பொம்மை விளையாட்டு காட்டப்பட்டது. குழந்தைக்குத் திருப்பிச் சொல்ல ஒரு வரி கற்றுக்கொடுக்கப்பட்டது: "முடி வளரும், நான் பொண்ணுதான்." இந்த மாதிரிச் சுருக்கமான மறுமொழிகளைச் சொல்லிப் பழகிய பிள்ளைகள், கதை மட்டும் கேட்டவர்களை விடச் சகபிள்ளைகளின் பேச்சை எதிர்த்து நிற்கிறார்கள் என்பது லிண்ட்சே லேம்பும் மற்றவர்களும் 2009இல் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டது. நான்கு வயதுக்கு வரி ஐந்து சொல்லைத் தாண்டக் கூடாது. நீளமாக இருந்தால் தேவைப்படும் நேரத்தில் வாயில் வராது.

தேறினாளா என்று பார்த்தது

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். இரண்டு, மூன்று மாதம் கழித்துக் கேட்டால் "நான் பொண்ணு" என்பாள். எல்லாரும் பாடம் பலித்தது என்று மகிழ்வார்கள். முடி வந்ததால் சொல்கிறாளா, புரிந்து சொல்கிறாளா என்று அப்போது பிரிக்கவே முடியாது. மறுசோதனை முடி வளர்வதற்குள் நடக்க வேண்டும். நான்காம் வாரத்தில், தலையில் விரற்கடைக்கும் குறைவாக முடி இருந்தபோது கேட்கப்பட்டது. பயன்படுத்திய பொம்மையும் வேறு; பழைய பொம்மையின் விடை மனப்பாடமாகியிருக்கும்.

புதுப் பொம்மையில் சடையை எடுத்ததும் கொஞ்சம் நிறுத்தி, "பொண்ணுதான், மொட்டை போட்டிருக்கா" என்றாள். வினைமுற்றும் பெண்பாலிலேயே நின்றது. அண்ணன் தொட்டிலில் கிடந்தபோது என்ற கேள்விக்கு "பையன்தான், அம்மா சடை போட்டுவிட்டுச்சு." முடியும் உடையும் சேர்த்து இரண்டையும் மாற்றியபோது மட்டும் மீண்டும் "பையன்", நெசமாவா என்றதும் "தெரியல." முழு நிலைபேறு வரவில்லை, நான்கேகால் வயதில் அதை எதிர்பார்ப்பதும் தேவையில்லை. துண்டு இரண்டாம் வாரக் கடைசியிலேயே காணாமல் போயிருந்தது.

ஆடிப்பெருக்கு வந்தபோது இன்னொன்று தெரிந்தது. அண்ணனுடைய சப்பரத்தை (பிள்ளைகள் இழுத்துப்போகும் சின்னத் தேர்) அவள் இழுத்துப் பார்க்க ஆசைப்படுவாள் என்று அம்மா நினைத்தார். அவளோ "நான் பொண்ணு, சப்பரம் பசங்கதான் இழுப்பாங்க" என்று கண்டிப்பாக மறுத்துவிட்டாள். முன்பு இல்லாத கண்டிப்பு இது. அப்பாவுக்குக் குழப்பம்: சரி செய்யப் போய் அதிகமாகிவிட்டதோ?

அதிகமாகவில்லை, வரிசைப்படிதான் நடக்கிறது. தான் மாறப்போவதில்லை என்று தெரிந்ததும், அந்தக் கூட்டத்துக்கு என்னென்ன விதி என்று பிள்ளைகள் தேடத் தொடங்குகிறார்கள். ட்ராவ்ட்னரும் மற்றவர்களும் 2005இல் ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், இந்தக் கண்டிப்பு ஐந்து, ஆறு வயதில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தளர்ந்தது. விளையாட்டுக் கூட்டாளிகளிலும் இதைப் பார்க்கலாம். மக்கோபியும் ஜாக்லினும் 1987இல் எழுதியபடி, நான்கரை வயதில் பிள்ளைகள் தம் பாலரோடு விளையாடும் நேரம் எதிர்ப்பாலரோடு விளையாடுவதைப் போல் மூன்று மடங்கு; ஆறரை வயதில் பதினோரு மடங்கு. ஆகவே "நான் பொண்ணு" என்று உறுதியானதும் கொஞ்ச காலம் "பொண்ணுங்க இத செய்ய மாட்டாங்க" என்றும் வரும். அப்போது செய்ய வேண்டியது விதிக்கு ஒரு விலக்கைக் கண்ணில் காட்டுவது. ஆற்றங்கரையில் சப்பரம் இழுக்கும் சித்தி மகளைக் காட்டலாம், வாதாட வேண்டாம். நாற்றங்காலிலும் வயலிலும் ஆண்கள் வேலை, பெண்கள் வேலை என்று பிரிந்திருப்பதைப் பிள்ளைகள் பார்க்கத்தான் செய்கிறார்கள். "யாரு வேணா கத்துக்கலாம், நம்ம ஊர்ல இவங்க செய்றாங்க" என்ற வரி அதற்குப் போதும். "பொம்பளைங்க நடுவாங்க, ஆம்பளைங்க ஓட்டுவாங்க" என்று பொதுவாக்கிச் சொல்வதை விட "உங்க அம்மா நடுறா, இந்த அண்ணன் டிராக்டர் ஓட்டுறார்" என்று ஆளைச் சொல்லிப் பேசுவது நல்லது.

பையன்களுக்கு இந்தக் கண்டிப்பால் வரும் இழப்பு அதிகம். பெண் குழந்தை நிக்கர் போட்டால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. சொப்பு வைத்துச் சமைத்து விளையாடும் பையனைப் பிள்ளைகளும் பெரியவர்களும், குறிப்பாக அப்பாக்கள், உடனே தடுக்கிறார்கள். இதே பால்வாடியில் சொப்புச் சாமான் மூலைக்குப் போகவே பயந்த நான்கு வயதுப் பையன் இருந்தான். வரிசை முறை மாறிய பிறகு சொப்பு மூலையும் "நீலப் பாய்க்காரர்கள்" முறையில் வந்ததால், தன் முறை வந்தபோது போய்ச் சாம்பார் வைத்தான். தனியாக அவனுக்கு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அம்மாவின் பயமும், எப்போது அனுப்ப வேண்டும் என்பதும்

"முடி வந்ததும் பொண்ணாயிடுவேனா" என்ற கேள்வியை வைத்து இந்தக் குழந்தை திருநம்பியாக வளருமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வி அதைப் பற்றியதும் இல்லை. அவள் பையனாக ஆசைப்படவில்லை, ஆகிவிட்டோமோ என்று அழுதாள். இரண்டும் வேறு. அதே நேரம், தனக்குச் சொல்லப்பட்ட பாலோடு உண்மையிலேயே பொருந்தாத குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களை இந்தப் பாடத்தால் திருத்தப் பார்ப்பது கொடுமை. வேறுபாட்டை ஒருநாள் பேச்சை வைத்துக் காண முடியாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வரையறை, இந்தப் பொருந்தாமை என்று சொல்ல, குறைந்தது ஆறு மாதம் நீடிக்கும் வலுவான விருப்பமும் அதனால் வரும் துன்பமும் இருக்க வேண்டும் என்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது நோய் வகைப்பாடு, பால்ய வயதில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு தொடர்ச்சி கேட்கிறது. இந்தப் பொருந்தாமையை மனநோயாகவும் அது வகைப்படுத்துவதில்லை.

கவனிக்க வேண்டியவை: உடையோ முடியோ எப்படி இருந்தாலும் "நான் வேற" என்று மாதக்கணக்கில் சொல்வது, தன் உறுப்பின் மேல் வெறுப்பு, சிறுநீர் கழிக்க மறுத்தல், சாப்பாடும் தூக்கமும் கெடுதல். விளையாட்டில் எதிர்ப்பாலின் பொருளை விரும்புவது மட்டும் எதற்கும் அடையாளம் இல்லை. ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியகிரம் (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம்) குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வரும்போது அவர்கள் வழியாக மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பலாம். பரிந்துரைக் குறிப்பில் "பையன் மாதிரி நடக்கிறாள்" என்று எழுதக் கூடாது. குழந்தை சொன்ன சொற்கள் விகுதியோடு, எந்தச் சூழலில், எத்தனை மாதமாக, சொல்லும்போது அழுகையா அமைதியா, நெசமாவா என்று கேட்டதற்கு என்ன பதில்: இவை ஐந்தும் இருந்தால் மருத்துவருக்குப் போதும். உறுப்பு பற்றிய தகவல் வீட்டில் சொல்லப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும். அது தெரியாவிட்டால் மற்ற பதில்களை எப்படிப் படிப்பது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.